பழையது எது என்று எனக்கே தெரியாமல் போன காலை

பட்டறை முதலாளி அண்ணாச்சி நேற்று ஒரு கோடு போட்ட நோட்டைக் கையில் கொடுத்து, "ஏம்மா, நீ போறதுக்கு முன்னால அந்த ரெண்டு பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டியத எழுதி வச்சிட்டுப் போ" என்றார். அந்த இரண்டு பிள்ளைகள் நீங்கள்தான். அமோனியா எவ்வளவு, எத்தனை மணி நேரம், எந்தப் பித்தளைக்கு எந்தக் கரைசல் என்று எழுத ஆரம்பித்தேன். இரண்டு பக்கம் எழுதியபின் கிழித்துவிட்டேன். அதெல்லாம் சுவரில் ஒட்டிய தாளிலேயே இருக்கிறது. ஒரு மாதத்தில் கை தானாகப் பழகிவிடும். கை பழகிய பிறகு வருகிற ஆபத்தைப் பற்றித்தான் சுவரில் யாரும் எழுதி ஒட்டவில்லை.

முப்பத்தோரு வயதில் ஓய்வு பெறுகிறேன் என்று சொன்னால், வார்ப்பு வேலை பார்க்கும் ஆசாரியண்ணன் சிரிக்கிறார். "பென்சன் உண்டா கெமிஸ்ட்ரி?" என்று கேட்கிறார். நான் வேதியியல் படித்தவள் என்பதால் இந்தப் பட்டறையில் எனக்கு அதுதான் பெயர். வீட்டுக்காரருக்குத் தூத்துக்குடிக்கு மாற்றல் வந்துவிட்டது. இரண்டாவது பிள்ளை இன்னும் பால் மறக்கவில்லை. போய்த்தான் ஆக வேண்டும்.

உங்களுக்கு முன்னால் இந்த மேசையில் இருந்தவள் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துவிட வேண்டாம். பித்தளையைக் கறுக்க வைக்கும் அமோனியா ஆவிப்பெட்டியை ஒழுங்காக மூடினேனா என்ற சந்தேகத்தில் பாளையம்பட்டி தாண்டுமுன் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி நடந்திருக்கிறேன். ஒரு முறை அல்ல, பல முறை. மூடி எப்போதும் மூடித்தான் இருந்தது. வீட்டுக்குப் போனதும் நான்கு முறை கை கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தொடுவேன். நான்கு போதுமா என்று இன்றைக்கும் தெரியாது.

இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அண்ணாச்சி ஒரு பழைய பூட்டை என் முன்னால் வைத்தார். உள்ளங்கை அளவு இரும்புப் பூட்டு. முகப்பில் ஆறு பித்தளைக் குமிழ்கள். "இதுல ஒண்ணு போன வாரம் செஞ்சது. எதுனு சொல்லு" என்றார். அரை மணி நேரம் பார்த்தேன். வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் பூட்டைத் திறந்து பின்பக்கத்தைக் காட்டினார். ஐந்து குமிழ்களின் அடி கறுத்திருந்தது. ஒன்று மட்டும் எலுமிச்சைத் தோல் போலப் பளிச்சென்று மஞ்சளாக இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒரு வாரத்துக் குமிழ் நூறு வருடத்துக் குமிழ்களோடு சேர்ந்து நின்றுகொண்டு என்னை ஏமாற்றியிருக்கிறது. அந்த நொடியில்தான் இந்த வேலைக்கு நான் ஆளானேன்.

நாம் செய்வது இதுதான். பழம்பொருள் கடைகளிலிருந்தும் வீடுகளிலிருந்தும் தொங்குவிளக்கு, சுவர்க்கடிகாரம், வெற்றிலைப் பெட்டி, பூட்டு என்று வருகிறது. ஏதோ ஒரு உறுப்பு தொலைந்திருக்கும். ஆசாரியண்ணன் அதைப் புதிதாக வார்ப்பார். அந்தப் புதியதை, கூட இருக்கும் பழையதின் வயதுக்குக் கொண்டுவருவது இந்த மேசையின் வேலை. பழசு என்றால் கறுப்பு என்று நினைக்காதீர்கள். கட்டைவிரல் படுகிற இடம் வெளுத்திருக்கும். விரல் எட்டாத மடிப்பில் எண்ணெயும் தூசியும் கெட்டியாகியிருக்கும். ஒரு பொருளை எந்தக் கை எப்படிப் பிடித்தது என்று அந்தப் பொருளே சொல்லும். ஒரு விளக்கின் தண்டைப் பார்த்து அதை ஏற்றியவர் இடது கைக்காரர் என்று சொல்ல முடிந்த நாளில், மற்றவர் வீட்டு ஜன்னலை எட்டிப் பார்த்தவள் போல வெட்கமாகக்கூட இருந்தது.

பட்டறைக்கு ஒரு வழக்கம் உண்டு. உள்பக்கத்தைத் தொடக் கூடாது. வெளியே எவ்வளவு வேண்டுமானாலும் பழசாக்கலாம். கண்ணுக்குப் படாத பக்கத்தை வார்த்த நிறத்திலேயே விட்டுவிட வேண்டும். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்த நோட்டுக்கு வேலை இருந்திருக்காது. வேலையைச் சுருக்கிக்கொள்ள ஆண்கள் கண்டுபிடித்த சாக்கு என்று மனத்துக்குள் நினைத்தேன். வீட்டில் பாத்திரத்தின் அடியைத் தேய்க்காமல் கவிழ்த்துவைக்கிற ஆளைப் பார்த்தால் நமக்கு என்ன தோன்றும்? அப்படித்தான் தோன்றியது.

நான் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருக்கும். மூத்தவளுக்குப் பத்து மாதம். தை பிறந்து சில நாள் கழித்து ஓர் அக்காவும் தம்பியும் பட்டறைக்கு வந்தார்கள். தம்பிக்கு அருப்புக்கோட்டையில் இரும்புச் சாமான் கடை. மாட்டு வண்டிகள் குறைந்துபோன பிறகு அந்தக் காலத்து மாட்டு அணிகளைச் சேர்த்துக் கடையில் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தார். கழுத்து மணி, நெற்றிச் சங்கிலி, சாட்டைப் பிடி என்று. அக்கா நரிக்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆடும் கொஞ்சம் வயலும் வைத்திருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு மஞ்சள் பையிலிருந்து அவர் எடுத்து வைத்தவை இரண்டு. ஒன்று, மாட்டுக் கொம்பின் நுனியில் மாட்டுகிற பித்தளைக் குப்பி. தாமரை மொட்டு மாதிரி இதழ் இதழாக வேலைப்பாடு. இன்னொன்று அதன் ஜோடி. ஆனால் அப்பளம் போல நசுங்கியிருந்தது.

"பந்தல்குடி ரோட்டுல செவலை தலைய ஆட்டுச்சுண்ணே" என்று அந்த அக்கா அண்ணாச்சியிடம் சொன்னார். "குப்பி கழண்டு உருண்டு போச்சு. எங்கய்யா எடுக்கக் குனியிறதுக்குள்ள லாரிக்காரன் ஏத்திட்டான். அன்னைக்கு எங்கய்யா பேசுன பேச்சு, அந்த லாரி தூத்துக்குடி போயும் டயரு வெடிச்சிருக்கும்."

அவர்கள் அப்பா இறந்துவிட்டார். நல்ல குப்பி ஒன்றுதான் இருக்கிறது. பிள்ளைகள் இரண்டு பேர்.

"இந்த நசுங்குனத உருக்கி அதே மாதிரி ஒண்ணு வார்த்துக் குடுங்கண்ணாச்சி. அது என் அலமாரிக்கு" என்றார் தம்பி. "பழசு அக்காவுக்கு. ஆனா பாக்குறவன் ஒருத்தனும் கண்டுபிடிக்கப்பிடாது. ரெண்டையும் பக்கத்துல வச்சா பெத்தவளுக்கே அடையாளம் தெரியக் கூடாது."

"பெத்தவளுக்குத் தெரியாம எப்படிலே போகும்? கோட்டிக்காரா" என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பி, "ஏ தாயி, வேலை நீதான பாக்கப்போற? அவன் அலமாரிக்கு எதையும் செஞ்சு குடு. எனக்கு எங்கய்யா மாட்டி விட்டது வரணும். மாட்டுப் பொங்கலுக்கு எங்கய்யா மாட்டுவாரு, மூக்கணாங்கயித்த நான் பிடிச்சிட்டு நிப்பேன். அது போதும் எனக்கு. வயலுல பங்கு கேட்டனா? வீட்டுல கேட்டனா?"

"ஆரம்பிச்சிட்டியா" என்றார் தம்பி.

எல்லாருக்கும் தெளிவாகப் புரிந்த காரியம். பழையது அக்காவுக்கு, புதியது தம்பிக்கு. இதில் குழம்ப என்ன இருக்கிறது?

ஆசாரியண்ணன் பழைய குப்பியிலிருந்தே அச்சு எடுத்தார். நசுங்கியதை உருக்கி வார்த்தார். என் மேசைக்கு வந்தபோது புதிய குப்பி கண் கூசும் மஞ்சளில் இருந்தது. மூன்று வாரம் அதோடு இருந்தேன். பழையதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் இதழாகப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். இதழ்களின் இடுக்கில் விளக்குக் கரி, மெழுகு, வேலிப் பக்கத்துக் கரிசல் மண் மூன்றையும் குழைத்து அடைத்தேன். விளிம்பை மட்டும் துணியால் தேய்த்து வெளுக்க வைத்தேன். நாளுக்கு நாள் இரண்டும் நெருங்கி வந்தன. பிள்ளைக்கு முகச்சாயல் தெளிந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் போல.

அப்போதுதான் அந்தத் தவறைச் செய்தேன். வெளியே முடிந்துவிட்டது. குப்பியைக் கவிழ்த்தால் உள்ளே பளிச்சென்று மஞ்சள். அதற்கு முந்திய மாதம்தான் ஒரு வியாபாரி, விளக்கு மூடியின் உள்பக்கம் புதிதாகத் தெரிகிறது என்று திருப்பி அனுப்பியிருந்தார். அண்ணாச்சி ஒரு வார்த்தை சொல்லாமல் வாங்கி வைத்துக்கொண்டார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இந்தத் தம்பியும் பெத்தவளுக்கே தெரியக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். அரைகுறையாகக் கொடுப்பானேன்? உள்ளே அரம் போட்ட கோடுகளை அமிலத்தால் அழித்தேன். பழையதின் உள்பக்கத்தைப் பார்த்துப் பார்த்து அதே கறுப்பை ஏற்றினேன். யாரும் சொல்லாமல், யாருக்கும் சொல்லாமல். கடமை தவறக் கூடாது என்ற நினைப்பில்தான் செய்தேன் என்பதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும். கடமை உணர்ச்சி ஒருத்தியை எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்காகத்தான் இதையும் எழுதுகிறேன்.

கடைசி ஆவிக்கு இரண்டையும் சேர்த்துத் தொங்கவிடுவது வழக்கம். ஒரே காற்றில் காய்ந்தால் ஒரே தொனி வரும். பழையதற்குச் சிவப்பு நூல், புதியதற்கு வெள்ளை நூல். செவ்வாய்க்கிழமை மாலை தொங்கவிட்டு மூடினேன். புதன்கிழமை காலையில் எடுத்திருக்க வேண்டும்.

புதன்கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல். வியாழக்கிழமையும் விடவில்லை. வெள்ளிக்கிழமை உடம்பு தணிந்ததும் அம்மாவிடம் விட்டுவிட்டு ஓடி வந்தேன். அன்றைக்குப் பதினொரு மணிக்கு அவர்கள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பெட்டியை வேறு யாரும் திறப்பதில்லை, கண் எரியும். நான் திறந்தேன்.

குறுக்குக் கம்பியில் இரண்டு முடிச்சுகள் மட்டும் இருந்தன. நூல்கள் இல்லை. குப்பிகள் இரண்டும் பெட்டியின் அடியில் ஒன்றோடொன்று சாய்ந்து கிடந்தன. கூம்பு வடிவம் விழுந்தால் நிற்காது, உருளும். எது எங்கே விழுந்தது, எது எங்கே உருண்டது?

பித்தளையில் இருக்கும் செம்பும் அமோனியாவும் சேர்ந்தால் ஒரு நீலத் தண்ணீர் உண்டாகும். அது பருத்தியைக் கரைத்துவிடும். கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்தது. பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஓர் இரவுக்கு நூல் தாங்கும். மூன்று இரவுக்குத் தாங்காது.

முதலில் பயமாக இல்லை. கழுவித் துடைத்தேன். உள்ளே பார்த்தால் தெரிந்துவிடும் என்று ஒன்றைக் கவிழ்த்தேன். கறுப்பு. அப்படியென்றால் மற்றது புதியது என்று அதைக் கவிழ்த்தேன். அதுவும் கறுப்பு. அப்போதுதான் நான் உள்ளே செய்த வேலை நினைவுக்கு வந்தது. பால் கட்டியிருந்த மார்பு வலித்தது.

அந்த நேரத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். சொல்வது சரியா என்று தெரியவில்லை. இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தபோது பயத்துக்கு அடியில் ஒரு பிரமிப்பு இருந்தது. ஒரு மனிதர் வருடா வருடம் மாட்டி, கழற்றி, தேய்த்து, மழையும் வெயிலும் மாட்டின் வேர்வையும் சேர்ந்து உண்டாக்கியது ஒன்று. மூன்று வாரத்தில் நான் உண்டாக்கியது ஒன்று. இரண்டும் என் இரண்டு உள்ளங்கையிலும் ஒரே கனத்தோடு உட்கார்ந்திருந்தன.

ஆசாரியண்ணனிடம் ஓடினேன். அவர் தன் வேலையைத் தானே அறிவார் என்று நம்பினேன். அவர் ஒன்றை எடுத்து, "இது என்னுது" என்றார். மற்றதை எடுத்தார். "இல்ல, இது." பிறகு இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"வார்த்தது கொஞ்சம் சிறுத்துத்தான வரும்? அளந்து பார்த்தா?" என்றேன்.

"சிறுக்கும்னு எனக்குத் தெரியாதா? அச்செடுக்கும்போதே ஒரு பூச்சு மெழுகு கூட வச்சேன். தலைமுடி வித்தியாசம் இருக்காது."

"ஓரத்துல லேசாச் சுரண்டி நிறம் பார்த்தா?"

"ஜோடிக் குப்பிய உருக்கித்தான வார்த்தது? ரெண்டும் ஒரே பித்தளை. ஒரு நாள்ல பொறந்தது."

"உங்க அரம் போட்ட கோடு…"

"அதத்தான் நீ அமிலத்த ஊத்தி அழிச்சிட்டியே மகராசி." அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "நல்ல வேலைக்காரங்க ரெண்டு பேரு ஒரு பட்டறையில இருக்கக் கூடாதுனு எங்கப்பா சொல்லுவாரு. இதுக்குத்தான் போல."

அண்ணாச்சி வந்து நின்றார். நடந்ததைச் சொன்னேன். அவர் இரண்டு குப்பிகளையும் கவிழ்த்துப் பார்த்தார். "உள்ளயும் ஏத்துனியா?" என்றார். அவ்வளவுதான். அந்த இரண்டு சொல்லில் வழக்கத்தின் காரணம் எனக்கு முழுதாக விளங்கிவிட்டது. வெளிப்பக்கம் பார்க்கிறவர்களுக்கு. உள்பக்கம் உண்மைக்கு. நாம் செய்வதை ஏமாற்று வேலை ஆகாமல் பிடித்துவைத்திருப்பது அந்தத் துண்டு மஞ்சள் ஒன்றுதான். அதையும் நான் அழித்திருந்தேன்.

மணி பத்தேகால். ஆசாரியண்ணன் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்லட்டா? ஏதாவது ஒண்ண எடு. உள்ள சுரண்டிப் பளிச்சுனு ஆக்கு. இதுதான் புதுசுனு தம்பிட்ட குடு. பாதிக்குப் பாதி சரியா இருக்கும். தப்பா இருந்தாலும் யாருக்குத் தெரியும்? அந்த அக்காவுக்கும் நிம்மதி, உனக்கும் நிம்மதி."

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். வேண்டாம் என்று அவர் சொல்லிவிட மாட்டாரா என்று இருந்தது. அவர், "வேலை உன்னுது. அவுக முகத்தப் பாத்துச் சொல்லப்போறதும் நீதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடை வாசலுக்குப் போய்விட்டார். அன்றைக்கு அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. அது நியாயமா என்று பல வருடம் யோசித்திருக்கிறேன்.

சுரண்டியைக் கையில் எடுத்தேன். இதை மறைக்காமல் எழுதுகிறேன். ஒரு குப்பியின் உள்ளே முனையை வைத்தும்விட்டேன். வேலை போனால் என்ன ஆகும், வீட்டில் என்ன சொல்வார்கள், காய்ச்சல் பிள்ளையை விட்டுவிட்டு வந்தது இதற்குத்தானா என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஓடியது. யாருக்கும் தெரியாது என்று ஆசாரியண்ணன் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அதுதான் குலைநடுக்கமாக இருந்தது. பெட்டி மூடியைப் பார்க்கப் பாதி வழியில் இறங்கித் திரும்பி வரலாம். இதற்கு எங்கே திரும்பி வருவது? எந்த மூடியைத் திறந்து பார்ப்பது? சுரண்டியைக் கீழே வைத்தேன். நல்லவள் என்பதால் அல்ல. அந்தச் சந்தேகத்தோடு ஆயுள் முழுக்க வாழ எனக்குத் தெம்பு இல்லை, அதனால்.

பதினொரு மணிக்கு அவர்கள் வந்தார்கள். அக்கா பஸ்ஸில் வந்த வேர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டே கை நீட்டினார். நான் இரண்டு குப்பிகளையும் துணியில் வைத்து முன்னால் தள்ளினேன். சொல்லிவிட்டேன். நூல் கரைந்ததை, உள்ளே நிறம் ஏற்றியதை, ஆசாரியண்ணனுக்கும் தெரியவில்லை என்பதை, எல்லாவற்றையும். "இதுல ஒண்ணு உங்க அப்பா மாட்டினது. எதுன்னு எனக்குத் தெரியலக்கா. தப்பு என்னுது."

அவர் நீட்டிய கை அப்படியே நின்றது. "படிச்ச பிள்ளைனு சொன்னாக" என்றார். யாரிடமும் இல்லை, பொதுவாகச் சொன்னார். என்னை அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

தம்பி இரண்டையும் எடுத்துப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் வரவேண்டிய இடத்தில் ஆச்சரியம்தான் வந்தது. "எக்கா, நெசமாவே தெரியலக்கா! விடு. ரெண்டும் அய்யா பித்தளைதான. நீ ஒண்ண எடுத்துக்கோ, நான் ஒண்ண எடுத்துக்கிறேன்."

"உருக்குன கொதியில எங்கய்யா கை நிக்குமாலே?" என்றார் அக்கா. "இரும்புக் கடை வச்சிருக்க. இது தெரியாதா உனக்கு?"

அக்கா ஒவ்வொன்றாக எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். காதோடு வைத்தார். விரலை உள்ளே விட்டார். ஒன்றும் கிடைக்கவில்லை. கண் கலங்கிவிட்டது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அவர் மூக்கை உறிஞ்சிவிட்டு, "இங்க புளி கெடைக்குமா?" என்று கேட்டார்.

அண்ணாச்சி பதறிப்போனார். "புளியா? ஐயையோ, வேண்டாம்மா! இந்த வாசப்படிக்குள்ள புளி வந்ததே இல்ல. ஆசாரி ரசம் கொண்டுவந்தாக்கூட வேப்ப மரத்தடியில உக்காந்துதான் திம்பான்."

அது விளையாட்டு இல்லை. நீங்களும் சீக்கிரம் தெரிந்துகொள்வீர்கள். பழம்பொருளின் அழுக்குதான் அதன் உயிர். ஒரு கை புளி போதும், ஒரு நூற்றாண்டைக் கழுவிவிடும்.

அக்கா அண்ணாச்சியை ஏற இறங்கப் பார்த்தார். "வருசா வருசம் மாட்டுப் பொங்கலுக்குப் புளியும் சாம்பலும் போட்டு இத நாந்தான் தேய்ச்சேன். கல்யாணமாகிப் போன பெறகும் வந்து தேய்ச்சிட்டுப் போயிருக்கேன். அப்பல்லாம் சாகாதது இப்பச் செத்துருமா? கொண்டாங்க."

பக்கத்துக் கடையிலிருந்து புளி வந்தது. சாம்பல் ஆசாரியண்ணனின் அடுப்பிலேயே இருந்தது. அக்கா வாசலில் குத்தவைத்து உட்கார்ந்து ஒரு குப்பியை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். மூன்று வாரம் நான் சேர்த்தது கறுப்புத் தண்ணீராக அவர் விரல் வழியே ஒழுகியது. கரி, மெழுகு, மண் எல்லாம் இதழ் இடுக்கிலிருந்து கழன்று வந்தது. நான்கைந்து நிமிடத்தில் குப்பி முழுவதும் ஒரே சீராக மஞ்சளாக நின்றது. நேற்றுப் பிறந்தது போல.

அவர் அதைக் கீழே வைத்தார். இரண்டாவதை எடுத்தார்.

இதழ்களின் முகடு வெளுத்தது. விளிம்பு வெளுத்தது. இடுக்குகள் வெளுக்கவில்லை. இன்னும் புளி வைத்துத் தேய்த்தார். நகத்தால் கீறினார். ஆசாரியண்ணன் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினார். கறுப்பு அப்படியே இருந்தது. எண்ணெயும் வேர்வையும் தூசியும் வருடா வருடம் ஒன்றன்மேல் ஒன்றாக இறுகிக் கல்லாகியிருந்தது. அவர் தேய்த்துத் தேய்த்துத்தான் அது அப்படி இறுகியிருக்கிறது. நான் வைத்தது ஒட்டிக்கொண்டிருந்தது. இந்தக் கறுப்பு அங்கேயே வளர்ந்திருந்தது.

பிரமித்துப்போய் உட்கார்ந்துவிட்டேன். நான் மட்டும் இல்லை. இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருக்கும் அண்ணாச்சியும் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். எங்கள் மூன்று பேருக்கும் இது தோன்றவில்லை. எங்கள் தொழில் முழுவதும் ஏற்றுவது. இறக்கிப் பார்த்தால் என்ன என்று நினைக்க எங்கள் மூளைக்குப் பழக்கமே இல்லை.

அக்கா குப்பியை வெயிலில் சாய்த்தார். ஓர் இதழின் அடியில், கறுப்புக்கு நடுவே, ஊசிமுனை அளவுக்கு நீலம் தெரிந்தது. கொம்புக்கு அடிக்கிற பெயிண்ட்.

"ஏலே, இங்க பாரு" என்று தம்பியைக் கூப்பிட்டார். "ஒரு வருசந்தான்லே நீலம் அடிச்சோம். செவப்பு தீந்துபோச்சுனு நீ அழுத. நீலம் அடிச்சா ஊருல சிரிப்பாகனு உருண்டு பெரண்டு அழுத."

"நான் எங்க அழுதேன்?" என்றார் தம்பி. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அந்த நீலத்தை விரலால் தொட்டார். எடுக்கவே மனமில்லாமல் அப்படியே வைத்திருந்தார். அக்கா அவர் கையை விலக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் தம்பிதான் எழுந்து, வெளுத்துப்போன தன் குப்பியை என்னிடம் கொடுத்தார். "மறுபடியும் பழசாக்கிக் குடும்மா. வெளிய மட்டும்" என்றார். வெளியே மட்டும் என்று அவர் சொல்லியிருக்கவே வேண்டியதில்லை.

அக்கா பழைய குப்பியைத் துடைத்து முந்தானையில் முடிந்துகொண்டார். நான் பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். என் ரவிக்கை பாலில் நனைந்திருந்ததை அவர் பார்த்தார். "பிள்ள பசிச்சுக் கெடக்கும். வீட்டுக்குப் போ" என்றார். இரண்டு படி இறங்கியவர் நின்று திரும்பினார்.

"ஒன்னைய வையணும்னுதான் வருது தாயி. ஆனா ஒண்ணு. நீ வாய மூடிக்கிட்டு ஏதோ ஒண்ணத் தூக்கிக் குடுத்திருந்தீனா, நான் அதத்தான் எங்கய்யானு சாமி படத்துக்குக் கீழ வச்சுக் கும்பிட்டிருப்பேன். சாகுற வரைக்கும் எனக்குத் தெரிஞ்சிருக்காது. அத நெனச்சாத்தான் ஈரக்கொலை நடுங்குது."

சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார். அந்த நடுக்கம் எனக்கும் இன்றைக்குவரை நிற்கவில்லை. நிற்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டதும் இல்லை. உங்கள் கை என் கையைவிட நன்றாகவே பழகும். பழகட்டும். ஆனால் அந்த நடுக்கம் இல்லாத நாளில், தயவுசெய்து இந்த மேசையில் உட்காராதீர்கள்.